வீல் ஆஃப் டைம் பத்தாம் புத்தகத்தை எல்லாரும் திட்டுகிறார்களே, தாண்டிவிடலாமா?

கேள்வி: வீல் ஆஃப் டைம் என்ற ஆங்கில மாயாஜால நாவல் தொடரில் ஒன்பது புத்தகம் முடித்துவிட்டேன். பத்தாவதான ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’ பற்றி எங்கே தேடினாலும் “ஒன்றுமே நடக்காது” என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வாசகர் குழுவில் ஒருவர், சுருக்கத்தைப் படித்துவிட்டுப் பதினொன்றுக்குப் போகச் சொல்கிறார். இன்னொருவர், ஒரு வரிகூட விடாதீர்கள் என்கிறார். பினாங்கில் ஜார்ஜ்டவுனிலிருந்து பாயான் லெப்பாஸுக்குப் பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் தினமும் 40 நிமிடம்தான் வாசிக்க முடிகிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

தாண்டாதீர்கள். ஆனால் எல்லாப் பக்கத்தையும் ஒரே வேகத்தில் வாசிக்கவும் வேண்டாம். உங்கள் குழுவில் இருவர் சொல்வதும் அவரவர் வாசித்த நிலைமைக்குச் சரியாகவே இருக்கும். இந்தப் புத்தகத்தைப் பற்றிய எந்தக் கருத்தைப் பார்த்தாலும், சொன்னவர் எந்த ஆண்டில் வாசித்தார் என்பதை முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒன்பதாம் புத்தகம் 2000 நவம்பரில் வந்தது. பத்தாவது 2003 ஜனவரியில். பதினொன்றாவது 2005 அக்டோபரில். அன்றைய வாசகர் 26 மாதம் காத்திருந்து பத்தை வாங்கினார். கதாநாயகன் ராண்டைத் தேடினால் அவன் சில பக்கங்களில்தான் வருகிறான். அதற்கு அடுத்ததற்காக இன்னும் 33 மாதம் காத்திருந்தார். இடையில் 2004-இல் வந்தது முன்கதையான ‘நியூ ஸ்பிரிங்’. அது கதையை ஓர் அடிகூட முன்னால் நகர்த்தாது. 2003, 2004-இல் எழுதப்பட்ட மதிப்புரைகளில் இருக்கும் கோபத்தில் பாதி புத்தகத்தின் மீதானது, பாதி அந்தக் காத்திருப்பின் மீதானது. ஆசிரியர் ராபர்ட் ஜோர்டன் 2007 செப்டம்பரில் காலமானார். மீதிக் கதையை பிராண்டன் சாண்டர்சன் மூன்று புத்தகங்களாக 2009, 2010, 2013 ஆண்டுகளில் முடித்தார். 2013-க்குப் பிறகு தொடரைத் தொட்ட எவருக்கும் அந்த இடைவெளி இல்லை. பத்தை மூடிய அதே இரவில் பதினொன்றைத் திறக்கலாம். நம்மூரிலும் இது புதிதல்ல. கல்கியின் பொன்னியின் செல்வனை வாரப் பத்திரிகையில் காத்திருந்து வாசித்த தலைமுறையும், ஐந்து பாகத்தையும் ஒன்றாகக் கையில் எடுத்த தலைமுறையும் ஒரே கதையைத்தான் வாசித்தார்கள், ஆனால் ஒரே அனுபவத்தை அல்ல.

அதற்காக, குறையெல்லாம் வாசகர்களின் பொறுமையில்தான் என்று சொல்லிவிட முடியாது. வாசகர்கள் புத்தகங்களுக்கு மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் முதன்மைத் தொடரின் பதினான்கு புத்தகங்களில் மிகக் குறைந்த சராசரி இதற்குத்தான். நீண்ட தொடர்களில் பிந்தைய புத்தகங்களுக்குப் பொதுவாக மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் பிடிக்காதவர்கள் முன்பே விலகிவிடுவார்கள். கடைசிவரை நிற்பவர்கள் மட்டுமே வாக்களிக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களே குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. ஏழு அல்லது எட்டிலிருந்து பத்து வரையுள்ள பகுதிக்கு ஆங்கில வாசகர்கள் ‘ஸ்லாக்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நம் வாயில் சொன்னால், இழுவை. அந்த இழுவையின் அடிமட்டம் பத்தாவது.

காரணம் கதையின் கட்டுமானத்தில் இருக்கிறது. ஒன்பதாம் புத்தகத்தின் முடிவில் ராண்டும் நைநீவும், ஆண்கள் கையாளும் மாயசக்தியான சைடினைச் சுத்தப்படுத்தினார்கள் அல்லவா? அதை மூடியதும் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? உலகம் இதை எப்படி எடுத்துக்கொள்ளப்போகிறது, அடுத்து என்ன என்றுதானே? பத்தாம் புத்தகம் அங்கிருந்து தொடங்காது. அந்த நாளுக்கு முன்னால் போகும். இன்னொரு முக்கியப் பாத்திரமான பெரினின் கதை பின்னாலிருந்து கிளம்பி அந்த நாளைத் தொடும். பிறகு எலெய்னின் கதை மறுபடி அதே நாளைத் தொடும். பிறகு எக்வேன். ஒவ்வொருவரும் ஏதோ வேலையில் இருக்கும்போது வெகு தூரத்தில் மாபெரும் சக்தி எரிவதை யாராவது உணர்ந்து திடுக்கிட்டு நிற்பார்கள். அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். முதல் தடவை மெய்சிலிர்க்கும். மூன்றாவது தடவை, சரி, மேலே சொல்லுங்கள் என்று தோன்றும். “ஒன்றுமே நடக்காது” என்று வாசகர்கள் சொல்வதன் உண்மைப் பொருள் இதுதான். நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஆனால் காலண்டர் நகர்வதில்லை.

யோசனை நல்ல யோசனை, அளவுதான் மீறிவிட்டது என்பது என் கணிப்பு. இரண்டு கோணத்தோடு நிறுத்தியிருந்தால் இதைக் கொண்டாடியிருப்பார்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினுக்கும் ஏறக்குறைய இதே சிக்கல் வந்தது. ‘எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்’ 2005-இல் வந்தபோது அவர் கதையைக் காலத்தால் பிரிக்காமல் இடத்தால் பிரித்தார். பாதிப் பாத்திரங்கள் 2011-இல் வந்த அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் வாசகர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களைக் காணாமல் முதலில் கோபப்பட்டார்கள்.

மகாபாரதம் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். பத்தாம் புத்தகத்தை உத்தியோக பருவம் என்று நினைத்துக்கொண்டு திறங்கள். தூது போகும், பேரம் நடக்கும், யார் எந்தப் பக்கம் என்று கணக்கு எடுப்பார்கள், படையும் தானியமும் சேரும். போர் வராது. பீஷ்ம பருவத்தை எதிர்பார்த்து உத்தியோக பருவத்தை வாசித்தால் யாருக்கும் சலிக்கும்.

இனி எங்கே நிதானிப்பது, எங்கே வேகம் பிடிப்பது என்று பார்க்கலாம். ஒன்பது முடித்துவிட்டீர்கள் என்பதால் பத்தின் உள்விவரங்களைச் சொல்கிறேன். பதினொன்றிலிருந்து எதையும் சொல்லமாட்டேன். பத்தையே எதுவும் தெரியாமல் வாசிக்க வேண்டுமென்றால் கீழே புத்தகம் வாங்குவது பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

முகப்புரையைப் பஸ்ஸில் வைத்துக்கொள்ளாதீர்கள். 2002-இல் தனி மின்னூலாகவே விற்ற அளவுக்கு அது நீளம். இடம் மாறி, ஆள் மாறிப் பல துண்டுகள். 20 நிமிடம் காலையில், 20 நிமிடம் மாலையில் என்று பிய்த்து வாசித்தால் யார் யாரென்றே பிடிபடாது. பெரும்பாலானவர்கள் புத்தகத்தைக் கீழே வைக்கும் முதல் இடம் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டரை மணி நேரம் ஒதுக்கி ஒரே மூச்சில் முடியுங்கள். தளபதி இட்டுரால்டே வரும் பகுதியை மட்டும் கவனமாக வாசியுங்கள். மற்றவற்றில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது நினைவில் நின்றால் போதும்.

முதல் மூன்று அத்தியாயம், ராண்டின் நண்பன் மேட் என்பவனுடைய கதை. ஓட்டமும் சிரிப்புமாகப் போகும், சிரமம் இல்லை. இடையில் அவன் காணாமல் போய் 28, 29-ஆம் அத்தியாயங்களில் திரும்பி வருவான். அந்த இரண்டும் இந்தப் புத்தகத்தின் இனிப்பு. தான் கடத்திவந்த, கடல் கடந்து படையெடுத்து வந்த ஷான்சான்களின் இளவரசி டூவனை அவன் எப்படி வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறான், அவள் அவனைப் ‘பொம்மை’ என்று கூப்பிட்டுக்கொண்டே எப்படி அளந்து பார்க்கிறாள் என்பதை வரிவரியாக வாசிக்க வேண்டும். பட்டு ரோஜா மொட்டும் பரிசாக வரும் குதிரையும் வெறும் அலங்காரம் அல்ல. இருவரும் பேசிக்கொள்ளாத செய்தியெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. சுருக்கத்தில் இது “மேட் பரிசு கொடுக்கிறான்” என்று ஒரு வரியாகச் சுருங்கிவிடும். சுருக்கத்தை மட்டும் படித்தவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான்.

பெரின் பகுதிதான் வாசகர்களை இரண்டாகப் பிரிக்கிறது. எதிரிக் கூட்டமான ஷாய்டோக்களிடம் சிக்கிய மனைவியைத் தேடும் கதை ஒன்பதிலேயே தொடங்கியது, இதிலும் முடியாது. 5 முதல் 8 வரை முகாம், தேடல், காத்திருப்பு. இதைச் சற்று வேகமாக ஓட்டலாம். ஆனால் 26-ஆம் அத்தியாயத்துக்கு வந்ததும் கை தானாக நிற்க வேண்டும். படைக்குத் தானியம் வாங்க சோ ஹாபோர் என்ற ஊருக்குப் போகிறார்கள். ஊர் முழுக்க அழுக்கு, குளிக்காத மக்கள், இரவில் நடமாடும் இறந்தவர்கள். வாங்கிய தானியத்தில் முழுக்க வண்டு. குளிரில் வெட்டவெளியில் அதைப் புடைத்துப் புடைத்து மூட்டை கட்டுகிறார்கள். வண்டு விழுந்த அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி உடலில் ஏறும். “ஒரு முழு அத்தியாயம் தானியம் வாங்குகிறார்கள்” என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், உலகம் உள்ளிருந்து அழுகுவதை இந்தத் தொடரில் இவ்வளவு அருகே காட்டும் இடங்கள் குறைவு.

அடுத்த அத்தியாயம், 27. சிறைப்பிடித்த ஷாய்டோ ஒருவனின் கையைப் பெரின் வெட்டுகிறான், பிறகு கோடரியை அங்கேயே விட்டுவிட்டு நடக்கிறான். முதல் புத்தகத்தில் ஓநாய்களின் தோழன் எலையாஸ் அவனிடம் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இந்தக் கோடரியை வெறுக்கும்வரை வைத்துக்கொள், வெறுக்காத நாள் வந்தால் தூக்கியெறிந்துவிடு என்பதுதான் அதன் சாரம். முதல் புத்தகம் வந்தது 1990-இல். ஒன்பது புத்தகம் தூக்கிவந்த ஒரு வாக்கு இங்கே வந்து இறங்குகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே தாண்டாதீர்கள் என்கிறேன். முடிந்தால் இந்த அத்தியாயத்துக்கு முன் முதல் புத்தகத்தில் அந்த உரையாடலை மட்டும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

எலெய்ன் பகுதி 10 முதல் 15 வரை. அதிகம் திட்டு வாங்குவது இதுதான், அந்தத் திட்டு நியாயமானது. அவள் உரிமை கோரும் அரியணை, முற்றுகை, குளியல், தேநீர், பெயர் பெயராக வரும் பிரபுக் குடும்பங்கள். கையில் வைத்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: அரியணைக்குக் குறைந்தது பத்துக் குடும்பங்களின் ஆதரவு தேவை, 13-ஆம் அத்தியாயத்தில் நான்கு குடும்பங்களின் தலைவர்கள் வந்து சேர்கிறார்கள், நால்வரும் சிறுவயதினர். ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் மூன்று பக்கமும் கடைசி மூன்று பக்கமும் முழுதாக, நடுவில் உரையாடல்களை மட்டும். இந்த முறையில் 13-ஐ மட்டும் விதிவிலக்காக வைத்து முழுதாக வாசியுங்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக வந்திருக்கிறார்கள்.

எக்வேன், 16 முதல் 20 வரை, பிறகு 30. இங்கே வேகம் பிடித்தால் தவறிவிடும். மாயசக்தி கற்ற பெண்களான ஏஸ் செடாய்களின் மன்றத்தில் நடக்கும் விவாதங்கள் சலிப்பாகத் தெரியும். ஆனால் யார் எதற்கு வாக்களித்தார், மாயசக்தி கொண்ட ஆண்களின் கறுப்புக் கோபுரத்தோடு உறவு வைப்பது பற்றி என்ன முடிவெடுத்தார்கள் என்பதையெல்லாம் பிடித்துக்கொள்ளுங்கள். 30-ஆம் அத்தியாயத்தின் முடிவில் துறைமுகச் சங்கிலி குவெண்டியார் என்ற உடையாத பொருளாக மாறும் இரவில் அவளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் புத்தகத்தின் உண்மையான உச்சம். அது தெரியாமல் பதினொன்றைத் திறப்பது, நடுக்காட்சியில் கூத்துக்குப் போய் உட்காருவதைப் போன்றது. ராண்டுக்கு 24-ஆம் அத்தியாயமும் பின்னுரையும். பின்னுரை சிறியது, ஆனால் ஷான்சான்களிடம் போன தூதுக்கு அதில்தான் பதில் வருகிறது.

குழப்பம் வராமலிருக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தில் மேட், பெரின், எலெய்ன், எக்வேன், ராண்ட் என்று ஐந்து கோடு போட்டு, எல்லாக் கோட்டுக்கும் குறுக்கே ஒரு செங்குத்துக் கோடு இழுங்கள். அந்தச் செங்குத்துக் கோடுதான் சைடின் சுத்தமான நாள். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அது கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று ஒரு புள்ளி வையுங்கள். அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டால், மறுநாள் பஸ்ஸில் எங்கே விட்டோம் என்ற தேடல் இருக்காது.

நேரக்கணக்கு. ஆங்கிலக் கெட்டி அட்டைப் பதிப்பு 680 பக்கம் சொச்சம். 40 நிமிடத்துக்கு 25 பக்கம் என்று வைத்தால் 27 வேலைநாள், அதாவது ஐந்தரை வாரம். முகப்புரையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி, எலெய்ன் பகுதியை மேலே சொன்னபடி ஓட்டினால் நான்கு வாரத்தில் முடியும். காதால் கேட்பதானால் ஒலிநூல் ஏறத்தாழ 26 மணி நேரம். ஒன்றேகால் மடங்கு வேகத்தில் 21 மணி நேரம். பெண் பாத்திரங்களின் பார்வையில் வரும் அத்தியாயங்களைக் கேட் ரீடிங்கும் ஆண்களுடையதை மைக்கேல் கிராமரும் வாசிக்கிறார்கள், அதனால் குரலைக் கேட்டதுமே யாருடைய கதை என்று பாதி தெரிந்துவிடும். எலெய்ன் பகுதியைத் திட்டாமல் கடந்தவர்களில் பலர் ஒலிநூல் கேட்டவர்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்டால் குளியலும் தேநீரும் அவ்வளவு கனப்பதில்லை.

சுருக்கம் படிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பாத்திரத்தின் பெயரைத் தேடுபெட்டியில் தட்டியதுமே அவர் இறப்பாரா, யாரை மணப்பார் என்று தானாக நிரப்பிக் காட்டிவிடும். பெயரைத் தனியாகத் தேடாதீர்கள். எத்தனையாவது புத்தகம் வரை வாசித்திருக்கிறீர்கள் என்று குறித்தால் அதுவரைக்குமான விவரத்தை மட்டும் காட்டும் செயலிகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். தொலைக்காட்சித் தொடர் இதற்கு உதவாது. 2021 முதல் 2025 வரை மூன்று பருவம் வந்து நின்றுபோனது, பத்தாம் புத்தகத்தின் பக்கமே அது வரவில்லை.

உங்கள் குழு நண்பர்களுக்குத் திரும்புவோம். இருவரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த ஆண்டில் வாசித்தீர்கள், முதல் வாசிப்பா மறுவாசிப்பா? தாண்டச் சொல்பவர் புத்தகம் புதிதாக வந்தபோது வாசித்தவராகவும், விடாதே என்பவர் தொடர் முழுவதையும் இரண்டாம் முறை வாசித்தவராகவும் இருக்க வாய்ப்பு அதிகம். முடிவு தெரிந்தவருக்கு ஒவ்வொரு காய் நகர்த்தலும் எங்கே போகிறது என்று தெரியும், அதனால் சலிப்பு வராது. முதல் வாசிப்பில் இருக்கும் உங்களுக்கு இருவர் சொல்வதும் முழுதாகப் பொருந்தாது. இணையத்தில் படிக்கும் மதிப்புரைகளுக்கும் இதே சோதனைதான். தேதியைப் பாருங்கள். “ஒன்றும் நடக்கவில்லை” என்று மட்டும் எழுதியவரை விட, எந்த அத்தியாயத்தில், யாருடைய பகுதியில் அலுத்தது என்று சொல்பவரை நம்புங்கள்.

வாங்குவது பற்றி. மலேசியக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ஆர்பிட் வெளியிடும் பிரிட்டிஷ் பதிப்பு. அமெரிக்க டோர் பதிப்போடு கலந்து வாங்கினால் அலமாரியில் உயரமும் அட்டையும் ஒத்துவராது. புதிதாக வேண்டுமென்றால் கோலாலம்பூர் போகும்போது கேஎல்சிசியின் கினோகுனியா புத்தகக் கடையில் பாருங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளி வரை உண்டு, புத்தகம் அதில் அடங்கும். ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெயில் பட்டால் ரசீது மை மங்கிவிடும், கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

பழையது போதுமென்றால் பினாங்கு சாலையில் சௌராஸ்தா சந்தையின் மேல்மாடிப் புத்தகக் கடைகள் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம். நம் ஊர் ஈரப்பதத்தில் இவ்வளவு தடிமனான மலிவுப் பதிப்பின் முதுகுப் பசைதான் முதலில் விட்டுப்போகும். புத்தகத்தை நடுவில் விரித்து, முதுகைப் பிடித்து மெல்லத் தலைகீழாக ஆட்டுங்கள். தாள் ஏதாவது தனியாக நழுவினால் வேண்டாம். பின்னுரை கடைசிப் பக்கங்களில் இருப்பதால் அது முழுதாக இருக்கிறதா என்று கண்டிப்பாகப் புரட்டிப் பாருங்கள், பழைய பிரதிகளில் முதலில் காணாமல் போவது அந்தத் தாள்கள்தான். விளிம்பில் பழுப்புப் புள்ளி இருந்தால் பரவாயில்லை. பூஞ்சை வாடை அடித்தால் வாங்காதீர்கள், மற்ற எட்டு ஒன்பது புத்தகத்துக்கும் அது பரவும்.

அப்படியே பதினொன்றாவதான ‘நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்’ கண்ணில் பட்டால் அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ‘நியூ ஸ்பிரிங்’கை இரண்டுக்கும் நடுவில் வைக்காதீர்கள், பிறகு வாசித்துக்கொள்ளலாம். பத்தின் பின்னுரையை முடிக்கும் நாளில் பதினொன்று உங்கள் பையிலேயே இருக்க வேண்டும்.